நூலகம் – ஒன்று

"யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார் கேட் காவலர்.

"ஒரு வார்த்தையைப் பாக்கணும்."

"எந்த பிளாக்?"

அகராதிக்காரர் பெருமூச்சு விட்டார். சிறைச்சாலையின் பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு, அதன் பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே காவலர் நனையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே இவர் குடையும் மழைக்கோட்டுமாக நின்றும் நனைந்துகொண்டிருந்தார். கோட்டின் தலைமூடிக்குள் ஒரு மூக்கும் ஒரு மூக்குக்கண்ணாடியும் மட்டுமே தெரிந்தன.

"ஆள் இல்லைங்க. 'கைதி'ங்கிற சொல். அகராதியில அதுக்கு அர்த்தம் போடணும். உள்ள இருக்கறவங்களையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்க கண்காணிப்பாளர் கடிதம் குடுத்திருக்கார்."

காவலர் கடிதத்தை முன்னாலும் பின்னாலும் படித்தார். பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அதையும் படித்தார்.

"கடிதம் சரி. ஆனா பதிவேட்ல 'கைதிக்கு என்ன உறவு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விடக் கூடாது."

"உறவு ஒண்ணும் இல்லையே. அந்தச் சொல்லோட பதினோரு வருஷப் பழக்கம், அவ்வளவுதான்."

"பதினோரு வருஷமா? அப்ப உறவினர்னே போட்டுடறேன்" என்று போட்டுவிட்டார் காவலர். பிறகு கைபேசியை வாங்கிப் பூட்டி வைத்தார். ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நிதானமாக எழுதினார்: குடை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, காகிதம் ஒன்று.

"இந்த மூணும் இதே அட்டையோடதான் வெளிய வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் மத்தது வெளிய போகாது. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. காகிதம் என்று காவலர் அலட்சியமாக எழுதியதுதான் அகராதிக்காரரின் உயிர். அகராதியின் 'க' வரிசையில் ஒரு பக்கம், அச்சுக்குப் போகும் முன் கடைசித் திருத்தத்துக்கு வந்த தாள். ஐந்து மணிக்குள் அச்சகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பதிப்பில் இருந்த அர்த்தமே மறுபடி ஏறிவிடும். அடுத்த பதிப்பு வர இருபது வருஷமாவது ஆகும். அப்போது அகராதிக்காரர் இருப்பாரா என்பது அகராதிக்காரருக்கே சந்தேகம்.

பழைய அர்த்தத்தை எழுதியவரும் அவர்தான். 'கைதி: குற்றம் செய்து சிறையில் அடைக்கப்பட்டவர்.' எழுதிய அன்றைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. போன மாதம் ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தாள். 'என் தம்பி நாலு வருஷம் உள்ளே இருந்தான். கடைசியில் நிரபராதி என்று விட்டுவிட்டார்கள். உங்கள் அகராதிப்படி அவன் செய்த குற்றம் எது என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும்.' அவ்வளவுதான் கடிதம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது, உண்மையிலேயே.

வேறு யாராவது என்றால் மேஜையிலேயே உட்கார்ந்து ஒரு வரியை மாற்றியிருப்பார்கள். அகராதிக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. எந்தச் சொல்லையும் அதன் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். 'வலை'க்காக மீன் படகில் ஏறிக் கடலில் விழுந்தார். 'கடிவாள'த்துக்காகக் குதிரை லாயத்துக்குப் போய் இடது முட்டியில் உதை வாங்கினார். அந்த முட்டி இன்னும் மழை நாளில் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

மூன்று முற்றங்கள், நீளமான ஒரு தாழ்வாரம், பதினெட்டுப் படிகள். முட்டியோடு ஏறி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அழைத்து வந்த காவலர் நூலகத்து வாசலில் நின்று, "உள்ள போங்க. அங்க இருக்கறவர் எல்லாம் சொல்லுவார். நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான்.

உள்ளே இருந்தவரைப் பார்த்தவுடனேயே அகராதிக்காரருக்கு நிம்மதியாகிவிட்டது. வெளுத்த வெள்ளைச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, விரலில் முத்திரை மை. புத்தகங்களுக்கு ஒவ்வொன்றாக முத்திரை குத்திக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த மூலையில் பார்த்தாலும் நூலகர் நூலகர்தான்.

"வாங்க, வாங்க. 'க' வரிசையா? கடிதம் வந்தப்பவே கேள்விப்பட்டேன்" என்றார் நூலகர். "உங்க அகராதியை நான் ரெண்டு தடவை முழுசாப் படிச்சிருக்கேன்."

அகராதியை முழுசாகப் படித்த ஒரு மனிதரை அகராதிக்காரர் அதுவரை பார்த்ததில்லை. தானே படித்ததில்லை. அந்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்தார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"ஆறு முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"வீடு பக்கத்துலயா?"

"பஸ்ல நாப்பது நிமிஷம். எங்க போறது? இந்த இடம் ஆளை விட்டாத்தானே!"

"எங்க ஆபீசும் அப்படித்தான்" என்று அகராதிக்காரர் அனுதாபப்பட்டார்.

நூலகர் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒருவர் கட்டம் போட்ட சட்டை, இன்னொருவர் பெரிய மீசை. இரண்டு பேரும் நூலகரை "சார், சார்" என்றார்கள். அகராதிக்காரர் உற்சாகத்தில் முதல் தப்பைச் செய்தார். பழைய அர்த்தத்தை உரக்கப் படித்துக் காட்டிவிட்டார்.

"குற்றம் செஞ்சேன்னு எவன் சொன்னான்?" என்று மீசைக்காரர் எழுந்தே விட்டார். "ஜட்ஜே இன்னும் சொல்லல. நீ யாருய்யா சொல்றதுக்கு?"

"உட்காருங்க. மாத்தத்தான் வந்திருக்கார்" என்று அடக்கினார் நூலகர். "சார், இவங்க விசாரணைக் கைதிங்க. வழக்கு நடந்துக்கிட்டிருக்கு. அதான் சொந்தச் சட்டை. தண்டனை ஆயிட்டா சட்டையும் மாறும், ஏதாவது ஒரு வேலையும் குடுத்துடுவாங்க. அவங்க தண்டனைக் கைதி. ரெண்டு பேரையும் சேத்துக் குற்றவாளின்னு எழுதினா பாதிப் பேருக்கு அநியாயம்."

அகராதிக்காரர் வேகவேகமாக எழுதிக்கொண்டார். "அப்ப எல்லாருக்கும் பொதுவா 'சிறைவாசி'ன்னு வெச்சுக்கலாமா? அரசாங்கத்துல இப்ப அப்படித்தானே எழுதறாங்க?"

இது இரண்டாவது தப்பு.

"வாசியா?" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர். "நகரவாசி, வனவாசி மாதிரியா? காத்து நல்லா இருக்குன்னு நானா வந்து குடியேறின மாதிரி இல்ல இருக்கு!"

"எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றார் மீசைக்காரர் திடீரென்று. "என் பொண்ணு லெட்டர் போடறப்ப கவர் மேல 'கைதி'ன்னு எழுத வேண்டியிருக்கு. போஸ்ட் ஆபீஸ்ல நாலு பேர் பாக்கறாங்க. சிறைவாசின்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

"உங்க வீட்ல எப்படிச் சொல்வாங்க?"

"வெளியூர்ல இருக்காருன்னு சொல்வாங்க."

"எங்க வீட்லயும்" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

"எங்க வீட்லயும்" என்றார் நூலகர். அகராதிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிறைச்சாலையில் வேலை பார்க்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக்கூட வீட்டில் கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது.

"காவலருங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

"தலை" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். "எண்றப்ப எல்லாம் தலைதான். இத்தனை தலை, அத்தனை தலை."

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சண்டை, ஒவ்வொரு சண்டைக்கும் நூலகர் ஒரு தீர்ப்பு. அகராதிக்காரர் ஒன்பது அர்த்தங்கள் எழுதி எட்டை அடித்திருந்தார். ஒன்பதாவதைத் தாளில் ஏற்றினார்: 'குற்றச்சாட்டின் பேரிலோ, தண்டனையாகவோ, தடுப்புக் காவலாகவோ சிறையில் வைக்கப்பட்டிருப்பவர்.' நீளமாகத்தான் இருந்தது. ஆனால் இனி எந்த அக்காவும் கடிதம் போட மாட்டாள்.

வெளியே எங்கோ ஒரு மணி கணகணவென்று அடித்தது. மீசையும் கட்டமும் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்கள்.

"என்ன மணி?"

"எண்ணிக்கை மணி" என்றார் நூலகர். "இன்னும் ஏழு நிமிஷத்துல கேட்டை அடைச்சிடுவாங்க. எல்லாத் தலையையும் எண்ணிக் கணக்கு நேராகற வரைக்கும் ஒரு ஈ வெளிய போகாது. ஆறு மணி ஆயிடும்."

"ஆறா? நான் அஞ்சு மணிக்கு அச்சகத்துல இருக்கணுமே!"

நூலகர் அவர் முட்டியைப் பார்த்தார். அகராதிக்காரரும் தன் முட்டியைப் பார்த்தார். பதினெட்டுப் படிகள், ஒரு தாழ்வாரம், மூன்று முற்றங்கள், ஏழு நிமிஷம். அந்தக் குதிரையை அவர் மனசார வைதார். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அச்சகம் எங்க?"

"ரெண்டு தெரு தள்ளி."

நூலகர் முத்திரையைத் துடைத்து, மைப்பெட்டியை மூடி, மேஜையை ஒழுங்குபடுத்தினார். "நான் வேகமா நடப்பேன். எனக்கு இன்னிக்கு டூட்டி முடிஞ்ச மாதிரிதான். போற வழியில குடுத்துடறேன்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல. நடந்து ரொம்ப நாளாச்சு."

அகராதிக்காரர் தாளை நீட்டினார். நூலகர் வாங்கவில்லை.

"அட்டையில என்ன எழுதியிருக்கு? மூணும் ஒண்ணாத்தான் வெளிய போகணும்னு சொல்லியிருப்பாரே. தாளை மட்டும் கொண்டுபோனா அந்த மனுஷன் ஜன்னல்லயே நிறுத்தி வெச்சிடுவார்."

அட்டை, குடை, மழைக்கோட்டு, தாள் எல்லாம் கை மாறின. தலைமூடியைக்கூட அகராதிக்காரரே இழுத்து விட்டார், நனையக் கூடாது என்று.

"ரெண்டு விஷயம்" என்றார் நூலகர் தலைமூடிக்குள்ளிருந்து. "எண்றவர் கணக்கு ஐயா. ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்துட்டுப் போவார். அப்ப பேசிடாதீங்க. பேசினா எண்ணிக்கை மறந்துபோய் முதல்லேர்ந்து ஆரம்பிப்பார், அப்புறம் ஏழு மணி. என் நாற்காலியில உட்கார்ந்து குனிஞ்சு ஏதாவது எழுதிக்கிட்டிருங்க. இன்னொண்ணு, அடுத்தவர் அட்டையைத் தூக்கிக்கிட்டுப் போறது விதிப்படி தப்பு. காகிதம் போய்ச் சேர்ற வரைக்கும் என் பேச்சையே எடுக்காதீங்க."

"உயிர் போனாலும் எடுக்க மாட்டேன்" என்றார் அகராதிக்காரர். கண் கலங்கிவிட்டது.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. பத்து நிமிஷத்தில் ஜன்னலில் ஒரு நரைத்த மீசை தெரிந்தது. அகராதிக்காரர் குனிந்து எழுதினார். "நூலகம், ஒண்ணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மீசை போய்விட்டது.

அடுத்த பத்து நிமிஷத்தில் வந்தவர் வேறு காவலர். அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். அவருக்கு அங்கே சுவர்களே இன்னும் பழக்கமாகவில்லை.

"எந்திரி. அடைப்பு நேரம்."

"நான் கைதி இல்லைங்க."

"இங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. விசாரணையா, தண்டனையா?"

"ரெண்டும் இல்ல."

"தடுப்புக் காவலா?"

"அதுவும் இல்ல."

"மூணும் இல்லாம உள்ள எப்படி இருப்பே?"

அதே கேள்விதான் அகராதிக்காரருக்கும் தோன்றியது. சற்று முன்பு எழுதிய அர்த்தத்தில் தனக்கு இடமே இல்லை என்பது அவரைக் கொஞ்சம் கலக்கியது. "நான் பார்வையாளர்" என்றார்.

"அட்டை எங்க?"

அகராதிக்காரர் வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு நினைவு வந்தது. மூடிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் அறையில் நிலைமை இன்னும் மோசமானது. கண்காணிப்பாளர் நல்ல மனிதர். ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இவர் முகத்தைப் பார்த்ததில்லை. கேட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். போனை வைத்தார்.

"அகராதிக்காரர் நாலு முப்பத்தாறுக்கே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். குடை ஒண்ணு, மழைக்கோட்டு ஒண்ணு, காகிதம் ஒண்ணு. மூணும் சரியா இருந்துச்சாம். நீங்க யாரு?"

"நான்தான் அகராதிக்காரர்."

"அப்ப போனது?"

அகராதிக்காரர் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தார். "அதை மட்டும் இப்ப கேக்காதீங்க. ஒரு நல்ல மனுஷன் பிழைப்பு அதுல இருக்கு."

அப்போது நரைத்த மீசையோடு கணக்கு ஐயா உள்ளே வந்து பதிவேட்டை நீட்டினார். "நானூத்திப் பன்னெண்டு தலை சார். நேராயிருக்கு."

"பாருங்க" என்றார் கண்காணிப்பாளர். "நானூத்திப் பன்னெண்டு இருக்கணும், நானூத்திப் பன்னெண்டு இருக்கு. உங்களை வெளிய விட்டா நானூத்திப் பதினொண்ணு. நேரா இருக்கற கணக்கை நானா கெடுப்பேன்?"

"தப்பா எண்ணியிருப்பாங்க சார்."

கணக்கு ஐயாவின் மீசை துடித்தது. "இருபத்தி மூணு வருஷம்" என்றார். "ஒரு தலை தப்பினதில்ல."

"என் வீட்டுக்குப் போன் பண்ணுங்க. என் மனைவி சொல்லுவா" என்றார் அகராதிக்காரர் கடைசி முயற்சியாக.

கண்காணிப்பாளர் எண்ணை அழுத்தி, சத்தத்தை எல்லாரும் கேட்கும்படி வைத்தார். "அம்மா, பதற்றப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார்."

"எந்த வார்த்தைக்கு?" என்றாள் மனைவி.

கண்காணிப்பாளர் போனைப் பார்த்தார்.

"குளிர் அதிகமா இருக்குங்களா அங்க? முட்டிக்கு ஏதாவது போத்திக்கச் சொல்லுங்க. குதிரை உதைச்ச முட்டி. போன தடவை மயானத்துல உட்கார்ந்துக்கிட்டு வர மாட்டேன்னுட்டார். நான் போய்த்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். இப்பவும் வரணுமா?"

"வேண்டாம்மா" என்றார் கண்காணிப்பாளர். போனை வைத்துவிட்டு எழுந்து நின்று கை குலுக்கினார். "மன்னிச்சுக்கங்க சார். இப்படி ஒரு சாட்சியை யாராலயும் ஜோடிக்க முடியாது. உங்க அட்டையோட போனது எங்க ஸ்டாஃப் யாரோதான் போலிருக்கு, அதை அப்புறம் விசாரிச்சுக்கறேன்." பிறகு கணக்கு ஐயாவின் பக்கம் திரும்பினார். "வயசாயிடுச்சு உங்களுக்கு. இவரையும் சேத்து எண்ணிட்டு, எந்தத் தலையையோ எண்ணாம விட்டிருக்கீங்க. கண்ணாடியை மாத்துங்க."

கணக்கு ஐயா பதிவேட்டைத் திறந்து விரலை வைத்து முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார். அதைப் பார்க்க அகராதிக்காரருக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவர் கவலை வேறு. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே கால்.

"ஒரே ஒரு போன் சார். அச்சகத்துக்கு."

அச்சகத்துக்காரர் எடுத்தவுடனே, "வந்துருச்சு சார், வந்துருச்சு" என்றார். "அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்பவே வந்துருச்சு. நீங்க அனுப்பின மனுஷர் மழையில ஓடியே வந்தார் போல. என்ன மரியாதை! குடையையும் கோட்டையும் இங்கயே வெச்சுட்டு, அட்டையையும் குடுத்து, உங்க கிட்ட சேக்கச் சொல்லிட்டுப் போனார்."

அகராதிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

"ஆனா ஒரு திருத்தம் கையால போட்டிருந்தீங்களே. அதையும் சேத்து ஏத்திட்டேன்."

"என்ன திருத்தம்?"

"'கைதி'க்கு. நீளமா இருந்ததை அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதியிருந்தீங்களே. 'கைதி: குற்றம் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மாலையில் எண்ணப்படுகிறவர்.' அச்சு ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்தணுமா?"

அகராதிக்காரர் அந்த வரியை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். விசாரணை அதில் இருந்தது. தண்டனையும் இருந்தது. நாலு வருஷம் உள்ளே இருந்த அந்தத் தம்பி இருந்தான். குனிந்து எழுதிக்கொண்டிருந்த தானும் இருந்தார். பதினோரு வருஷத்தில் அவருக்கு வராத வரி. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"நிறுத்தாதீங்க. ஓடட்டும்" என்று போனை வைத்தார்.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. காகிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. கொடுத்த வாக்கும் முடிந்தது. ஒரு நல்ல காரியத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை மேலதிகாரி காதில் போட்டுவிட்டுப் போவதுதான் முறை.

"சார், உங்க ஆள் ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். விதியை மீறிட்டாருன்னு அவரைக் கோச்சுக்காதீங்க. என் கஷ்டத்தைப் பாத்து, என் அட்டையோட, என் கோட்டைப் போட்டுக்கிட்டு, டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில தாளைக் கொண்டுபோய்ச் சேத்தது அவர்தான். உங்க நூலகர். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, எவ்வளவு படிச்ச மனுஷன்!"

கண்காணிப்பாளரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

கணக்கு ஐயா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். இருபத்து மூன்று வருஷப் பெருமை மெல்ல முகத்துக்குத் திரும்பி வந்தது.

"அவருக்கு டூட்டி முடிய இன்னும் ஒம்பது வருஷம் இருக்கே சார்" என்றார்.